அசுரனுக்கும் ஒரு கொற்றக்குடை

வீடியோ கேம் துறையில் ஓர் ஆட்டம் எவ்வளவு பணத்தில் உருவாகிறது என்பது கணக்கர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. அந்த ஆட்டத்தில் எதிரி எப்படி நிற்கிறான், எத்தனை முறை திரும்ப வருகிறான், அவனை வீழ்த்த ஆடுபவர் எத்தனை மாலைகளைச் செலவிட வேண்டும் என்பவற்றைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தப் பணமே. துறையின் உச்சியில் நிற்கும் ஆட்டங்கள் 'டிரிபிள் ஏ' எனப்படுகின்றன. ஆக்டிவிஷன் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவது தொடர்பாக 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கின்போது, சோனி தரப்பு ஆவணத்தில் கறுப்பு மையால் மறைத்திருந்த எண்கள் சரிவர மறையாமல் போய்விட, 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ஆட்டத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலரும் 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' ஆட்டத்துக்கு 21 கோடி டாலருக்கு மேலும் செலவானது உலகுக்குத் தெரிய வந்தது. மறுமுனையில் இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டு அறையில் அமர்ந்து செய்யும் சிறு ஆட்டங்கள் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில், சில பத்துப் பேர் முதல் நூற்றுச் சில்லறைப் பேர் வரை உழைத்து, கையைக் கடிக்காத அளவில் செலவிட்டு உருவாக்குபவை 'டபுள் ஏ' என்னும் நடுத்தர முதலீட்டு ஆட்டங்கள்.

இந்த நடுத்தரப் பிரிவில், குறிப்பாக அதிரடி ஆட்டங்களின் இரண்டாம் பாகங்களில், ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அவற்றில் சண்டை கடினமாக இருக்கும். அது தற்செயலும் அன்று, ஆடுபவரை வதைக்கும் விருப்பமும் அன்று. பெரும் நிறுவனம் ஒரு நகரத்தையே கட்டி, அதன் ஒவ்வொரு சந்திலும் ஒரு புதுக் காட்சியை வைத்து ஆடுபவரை நாற்பது மணி நேரம் நடத்திச் செல்ல முடியும். நடுத்தர நிறுவனத்தால் அது முடியாது. அதனால் செய்ய முடிவது, இருபது முப்பது எதிரிகளை நன்றாகச் செதுக்கி, அவர்களில் ஒவ்வொருவரையும் ஆடுபவர் உற்றுப் பார்த்துப் பழகியே தீர வேண்டிய நிலையை உண்டாக்குவதுதான். பரப்புக்குப் பணம் இல்லாத இடத்தில் ஆழம் தோண்டப்படுகிறது. முதல் பாகத்தில் செய்து வைத்த உருவங்கள், அசைவுகள், ஒலிகள் எல்லாம் கையிருப்பாக இருப்பதால், இரண்டாம் பாகத்தில் அந்த ஆழம் இன்னும் கூடுகிறது.

கொல்கத்தாவின் தென்பகுதியில், சியால்டாவிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயில் பாதையில் பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் இடையில் உள்ள டாக்குரியாவை முன்வைத்து இந்தப் பொருளைப் பேசுவதற்குக் காரணங்கள் உள்ளன. மேற்கே, 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை தோண்டியதும் நெடுங்காலம் டாக்குரியா ஏரி என்றே அழைக்கப்பட்டு 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் மாறியதுமான ஏரி. தெற்கே ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் அதைச் சுற்றி அறை எடுத்துத் தங்கும் மாணவர் கூட்டமும். ஏரிக்கு அப்பால், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவதும் இட்லி, தோசைக்கும் பூக்கடைகளுக்கும் பேர்போனதுமான லேக் மார்க்கெட். படித்த, அளவான வருமானமுள்ள, பணத்தைப் பார்த்துச் செலவிடும் பழக்கமுள்ள நடுத்தர வர்க்கத்தின் ஊர் இது. நடுத்தர முதலீட்டு ஆட்டங்களுக்கு இந்தியாவில் வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், இத்தகைய பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளையே காட்ட வேண்டியிருக்கும்.

அந்த வீடுகளின் கணக்கு எளிமையானது. புதிதாக வரும் பெரிய ஆட்டம் ஒன்றின் விலை, மாணவர் ஒருவரின் பல வார உணவுச் செலவுக்கு நிகராக இருக்கும்போது, ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம் வீண்செலவாகத் தோன்றும். தள்ளுபடிக் காலம் வரை காத்திருந்து, அல்லது ஒருவர் ஆடி முடித்த தட்டைப் பாதி விலைக்கு வாங்கி, அதை இரண்டு மூன்று மாதம் ஆடுவதே வழக்கம். கணினியின் பாகங்களைக் கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவருக்கு, மிக உயர்ந்த காட்சித் தரத்தைக் கேட்காமல், அதே சமயம் சீக்கிரம் தீர்ந்தும் போகாமல் இருக்கும் ஆட்டமே லாபகரமானது. ஆகவே கடினம் என்பது இங்கே ரசனை சார்ந்த விருப்பம் மட்டுமன்று. அது சிக்கனத்தின் ஒரு வடிவமும் ஆகும். ஒரே எதிரியிடம் ஒரு வாரம் தோற்றுக்கொண்டிருப்பவர், கொடுத்த பணத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகப் பெற்றிருக்கிறார் என்று சொன்னால் அது பாதி வேடிக்கை, பாதி உண்மை.

இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜப்பானின் டீம் நிஞ்ஜா குழு உருவாக்கிய 'நியோ 2'. இதன் முதல் பாகம், திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவா முடிக்காமல் விட்டுச்சென்ற ஒரு திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டு 2000களின் நடுவில் அறிவிக்கப்பட்டு, பலமுறை கைவிடப்பட்டு, மறுபடியும் மறுபடியும் எழுதப்பட்டு 2017இல்தான் வெளிவந்தது. அவ்வளவு ஆண்டு உழைப்பில் உருவான சண்டை முறை கையில் தயாராக இருந்ததால், இரண்டாம் பாகம் மூன்றே ஆண்டுகளில், 2020 மார்ச் 13 அன்று, பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. வெளியே போக முடியாத வசந்த காலத்தில், வெளியுலகமே பகையாகிவிட்ட நேரத்தில், ஓர் அசுரனிடம் தோற்றுத் தோற்றுப் பழகும் ஆட்டம் அலமாரியில் இருந்தது என்பது வரலாற்றின் விசித்திரமான ஒத்திசைவுதான்.

'நியோ 2' ஆட்டத்தின் சண்டை மூச்சை மையமாகக் கொண்டது. திரையின் மூலையில் 'கி' என்னும் பட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு வெட்டும், ஒவ்வொரு தாவலும், ஒவ்வொரு தடுப்பும் அதைக் குறைக்கும். அது முற்றிலும் தீர்ந்தால் நாயகர் மூச்சு வாங்கி அசையாமல் நிற்க, எதிரியின் ஒரே அடியில் கதை முடிந்துவிடும். இதோடு நின்றிருந்தால் இது வழக்கமான களைப்புக் கணக்காகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு வரிசை வெட்டுகளை முடித்த மறுகணம் நாயகரைச் சுற்றிச் சிறு நீல ஒளித்துகள்கள் உடலை நோக்கிக் குவியும். அவை சரியாக ஒன்றுகூடும் நொடியில் பட்டனை அழுத்தினால் செலவழித்த மூச்சின் பெரும்பகுதி திரும்பி வரும். தாக்குவதற்கும் பின்வாங்குவதற்கும் இடையில் இப்படி ஒரு மூன்றாவது செயலைப் புகுத்தியதே இந்த ஆட்டத்தின் மேதைமை. போதாததற்கு, மேல்நிலை, நடுநிலை, கீழ்நிலை என்று வாளைப் பிடிக்கும் முறைகள் மூன்று: முதலாவது பலமாக வெட்டும், மூச்சை அதிகம் குடிக்கும், இரண்டாவது தடுப்புக்கு ஏற்றது, மூன்றாவது விலகி ஓடுவதற்கு. இம்மூன்றுக்கும் இடையில் சண்டையின் நடுவிலேயே மாறிக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகம் புதிதாகச் சேர்த்தது எதிர்வெடிப்பு எனலாம்: எதிரி தன் மிகக் கொடிய அடியைத் தொடங்கும்போது அவன் உடலைச் சுற்றிச் சிவப்பு ஒளி எழும், விலகி ஓட வேண்டும் என்று உடம்பு சொல்லும் அந்தக் கணத்தில் முன்னேறிப் பட்டனை அழுத்துபவருக்கே வெற்றி.

இங்கே ஃபிரேம் என்னும் அளவை விளக்குவது அவசியம். நல்ல நிலையில் ஓடும் அதிரடி ஆட்டம் ஒரு நொடிக்கு 60 படங்களைத் திரையில் காட்டுகிறது. அவற்றில் ஒரு படமே ஃபிரேம். எதிரியின் ஒவ்வொரு அடியும் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஆயுதத்தை ஓங்கும் தொடக்கம், ஆயுதம் பட்டால் காயம் உண்டாகும் நடுப்பகுதி, அடித்து முடித்து நிலைக்குத் திரும்பும் மீட்பு. கண் ஒன்றைப் பார்த்து விரல் பட்டனை அழுத்த மனிதருக்குக் கிட்டத்தட்ட கால் நொடி, அதாவது 15 ஃபிரேம், ஆகும். எனவே ஓங்கும் கட்டம் 15 ஃபிரேமுக்குக் குறைவாக இருந்தால், பார்த்துத் தடுக்க முடியாது. முன்கூட்டியே ஊகிக்கத்தான் வேண்டும். அது 40 ஃபிரேமாக இருந்தால், பார்த்துவிட்டு யோசிக்கவும் நேரம் இருக்கும். ஆனால் அவசரக்காரர் முன்னதாகவே விலகி, தாமதமாக வரும் அடியில் மாட்டிக்கொள்வார். கடினமான ஆட்டத்தை நேர்மையான ஆட்டமாகவோ அநியாயமான ஆட்டமாகவோ ஆக்குவது எதிரியின் உயிர்ப்பட்டை நீளமோ அடியின் வலிமையோ அன்று, ஓங்கும் கட்டத்தின் தெளிவே. அடுத்து என்ன வரப்போகிறது என்பதை எதிரியின் தோளும் இடுப்பும் பாதமும் சொல்ல வேண்டும். சொல்லாத எதிரி வெறும் சுவர்.

எருமைத் தலையும் குதிரைத் தலையும்

'நியோ 2' தொடங்கிச் சிறிது நேரத்திலேயே, இன்னும் பட்டன்கள்கூடக் கைவராத நிலையில், முதல் கிராமத்தில் ஒரு மாட்டுத்தலை அரக்கன் உலவிக்கொண்டிருப்பான். கோஸுகி என்பது அவன் பெயர். அவனை ஒதுக்கிவிட்டுப் போக வழி உண்டு. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது அடியிலேயே வீழ்ந்திருப்பார்கள். அதே பகுதியின் முடிவில் நிற்பவன் மெஸுகி என்னும் குதிரைத்தலை அரக்கன். ஒரு பகுதியின் இறுதியில் வழிமறித்து நிற்கும் இத்தகைய பெரிய எதிரியைத்தான் ஆடுபவர்கள் பாஸ் என்கிறார்கள். இவ்விருவரும் கற்பனையில் திடீரென முளைத்தவர்கள் அல்லர். கிழக்காசியப் பௌத்தத்தில் நரகத்தின் வாயிலைக் காக்கும் மாட்டுத்தலையன், குதிரைத்தலையன் என்னும் இணையின் வழிவந்தவர்கள். எருமை மேல் வரும் எமனை அறிந்த இந்திய வாசகருக்கு இந்த உறவு புதிதாகத் தோன்றாது. டாக்குரியா ஏரிக்கு அருகிலுள்ள லேக் ரோட்டில், நிச்சிதாட்சு ஃபுஜீ என்னும் ஜப்பானியத் துறவி 1935இல் நிறுவிய நிப்போன்சான் மியோஹோஜி பௌத்தக் கோயில் இன்றும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன அறமும் அச்சமும் ஜப்பானைச் சுற்றிக்கொண்டு, ஒன்று கோயிலாகவும் மற்றொன்று பிளேஸ்டேஷன் தட்டாகவும், ஒரே பேட்டைக்குத் திரும்பியிருக்கின்றன.

மாட்டுத்தலை எதிரியைப் பொறுத்தவரை டாக்குரியாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்ட கொல்கத்தா துர்கா பூஜையில், டாக்குரியாவின் பாபுபாகான் பந்தல் ஆண்டுதோறும் கூட்டம் சேரும் இடம். அந்தப் பூஜையின் கதையைச் சொல்லும் தேவி மாஹாத்மியத்தின் மூன்றாம் அத்தியாயத்தை, பக்தியைச் சற்று ஒதுக்கி வைத்துச் சண்டை வடிவமைப்பாளரின் கண்ணால் படித்தால், அது வியக்கத்தக்க ஆவணமாகத் தோன்றும். எருமையாக வந்த மகிஷன்மேல் தேவி பாசக்கயிற்றை வீசுகிறாள். உடனே அவன் சிங்கமாகிறான். சிங்கத்தின் தலையை வெட்டப்போகையில் வாளேந்திய மனிதனாகிறான். அம்புகளால் துளைத்ததும் யானையாகி அவளுடைய சிங்கத்தைத் துதிக்கையால் இழுக்கிறான். துதிக்கை அறுபட்டதும் மீண்டும் எருமையாகிறான். அப்போது தேவி சற்று நிறுத்தி மது அருந்துகிறாள், சிரிக்கிறாள், பிறகு அவன் கழுத்தில் காலை ஊன்றிச் சூலத்தால் குத்த, எருமையின் வாயிலிருந்து பாதி வெளிவந்த நிலையில் அவன் தலை வீழ்கிறது. எதிரி உயிர் குறையக் குறைய உருமாறுவதையும், ஒவ்வொரு உருவுக்கும் வேறோர் ஆயுதம் தேவைப்படுவதையும் இன்றைய ஆட்டங்கள் 'கட்டம்' என்று அழைத்துத் தங்கள் கண்டுபிடிப்புப்போல் பேசுகின்றன. நடுவில் அருந்தும் பானத்தைக்கூட அவை விட்டுவைக்கவில்லை.

ஆனால் வங்கத்துப் பந்தலில் வைக்கப்படும் உருவம் சண்டையைக் காட்டுவதில்லை, சண்டையின் முடிவையே காட்டுகிறது. வெட்டுண்ட எருமையின் கழுத்திலிருந்து எழும் அசுரனின் மார்பில் ஈட்டி ஏற்கெனவே பாய்ந்துவிட்டது. சிங்கம் அவனைக் கவ்விவிட்டது. அவனிடம் மிச்சமிருப்பது வலி ஒன்றுதான். இதற்கு நேர்மாறானது, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் சுவரில் செதுக்கியது. அங்கே எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மேல் வரும் தேவி வில்லை வளைத்திருக்கிறாள். எதிரே மனித உடலும் எருமைத் தலையுமாக மகிஷன், முடியணிந்து, இரண்டு கைகளாலும் கதையைப் பற்றி, பின்னுக்குச் சாய்ந்தும் இன்னும் விழாமல் நிற்கிறான். அவன் பின்வாங்குகிறானா, அல்லது ஓங்குவதற்கு இடம் எடுத்துக்கொள்கிறானா என்று பார்ப்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேவிக்குப் பிடிக்கப்பட்டிருப்பதைப் போலவே அவன் தலைக்கு மேலும் ஒரு கொற்றக்குடை பிடிக்கப்பட்டிருக்கிறது. நல்ல அதிரடி ஆட்டத்துக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது: எதிரிக்கு உடல் மொழி வேண்டும், அவனுக்கு வெல்லும் வாய்ப்பு வேண்டும், அவனுக்கு உரிய மரியாதையும் வேண்டும். முடிவு தெரிந்துவிட்ட சண்டையை வணங்கலாம், ஆட முடியாது.

புனேயிலிருந்து வந்த திரிசூலம்

இந்தியாவில் உருவான அதிரடி ஆட்டங்கள் இந்த இலக்கணத்தை எந்த அளவுக்குக் கைக்கொண்டன என்பது அடுத்த கேள்வி. கொல்கத்தாவில் உருவான ஆட்டங்களில் பரவலாக அறியப்பட்ட 'மிஸ்ஸிங்', கலைஞர் லீனா கேஜ்ரிவால் பெண் கடத்தலுக்கு எதிராக முன்னெடுத்தது. அது சண்டை ஆட்டம் அன்று. ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017இல் வெளியிட்ட 'அசுரா', புராணத்தின் வண்ணங்களோடு, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய கடினமான சிறு ஆட்டம். ஆனால் உலக அரங்கில் இடம்பிடித்தது புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. அவிச்சல் சிங், ஸ்ருதி கோஷ், இயன் மோட் ஆகியோர் தொடங்கிய இச்சிறு குழு, 2017இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டாமல் தோற்றது; பணிகள் நிற்காமலிருக்க நிறுவனர்களில் ஒருவர் தம் வீட்டை விற்க நேர்ந்தது. ஒருவழியாக 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியிலும் அக்டோபரில் மற்றக் கருவிகளிலும் வெளிவந்த ஆட்டம், அவ்வாண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுகச் சுயாதீன ஆட்டத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

கதை சுருக்கமானது: ரக்ஷா பந்தன் நாளில் அசுரர்கள் படையெடுத்துக் குழந்தைகளைக் கவர்ந்து செல்ல, கழைக்கூத்துப் பெண்ணான ராஜி, தம்பி கோலுவைத் தேடிப் புறப்படுகிறாள், துர்கை அவளுக்குத் திரிசூலம் தருகிறாள், பின்னர் வில்லும், வாளும் கேடயமும் கிடைக்கின்றன. நடப்பதையெல்லாம் மேலிருந்து பார்த்து விவரிப்பவர்கள் துர்கையும் விஷ்ணுவும். மாமல்லபுர மண்டபத்தில் மகிஷப் போர் ஒரு சுவரிலும் பள்ளிகொண்ட திருமால் எதிர்ச்சுவரிலும் இருப்பதை அறிந்தவருக்கு இந்த இணை ஓர் இன்ப அதிர்ச்சி. புனேக்காரர்கள் அதை எண்ணிச் செய்ததாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ராஜஸ்தானியக் கோட்டைகளும் பஹாரி ஓவிய வண்ணங்களும் தோல்பாவை நிழல்களுமாக ஆட்டத்தின் காட்சி அழகைப் போற்றாதவர் இல்லை. தூணைப் பற்றிச் சுழன்று தாக்குவது, சுவரில் ஓடி ஏறிப் பாய்ந்து குத்துவது எனக் கழைக்கூத்தின் அசைவுகளையே போர்முறையாக்கியதும் சொந்தச் சிந்தனை.

சண்டைதான் உதைத்தது. தொலைவில், உயரத்தில் நிலையாக நிற்கும் கேமராவில் அசுரர்கள் சிறு உருவங்களாகவே தெரிந்ததால், அவர்கள் ஓங்குவதும் தளர்வதும் கண்ணில் படவில்லை. ஆயுதம் பட்டதா தப்பியதா என்பது சில நேரம் மங்கலாகவே இருந்தது. ஒரு களத்தில் வந்த கூட்டமே அடுத்த களத்திலும் வர, ஆடுபவர் அவர்களைப் படிப்பதை விட்டுவிட்டுப் பட்டனை அடித்துக்கொண்டே கடந்துபோகக் கற்றுக்கொண்டார். திறன்களுக்கான புள்ளிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம் என்ற தாராளம் நல்லெண்ணத்தில் பிறந்ததே எனினும், தேர்வுக்கு விலை இல்லாததால் தேர்வுக்கே எடை இல்லாமல் போயிற்று. ஆட்டம் சில மணி நேரத்தில் சட்டென்று முடிந்ததைப் பலரும் குறையாகச் சொன்னார்கள். 2022இல் வந்த மேம்பட்ட பதிப்பு இந்திக் குரல்களைச் சேர்த்துச் சண்டையையும் செப்பனிட்டது. தேவி ஆயுதம் கொடுத்துவிட்டாள், அந்த ஆயுதத்துக்கு ஈடான மகிஷனைக் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்பதே நியாயமான தீர்ப்பாக இருக்கும். முதல் முயற்சியில், அந்தப் பணத்தில், அதுவே பெரிய சாதனை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாகங்கள் இத்தகைய குறைகளிலிருந்தே பிறக்கின்றன. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து டெக்13 நிறுவனம் 2017இல் 'தி சர்ஜ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. எதிரியின் கை, கால், தலை என்று உறுப்பைக் குறிவைத்து வெட்டினால் அந்த உறுப்பில் அணிந்திருந்த கவசத்தைச் செய்யும் முறை நமக்குக் கிடைக்கும் என்பது அதன் மூலச் சரக்கு. கவசமில்லாத உறுப்பை வெட்டினால் சண்டை சுலபம், ஆனால் ஆதாயமில்லை. கவசமுள்ளதை வெட்டினால் ஆபத்து, ஆனால் பலன் உண்டு. பேராசையே கடினத்தின் அளவுகோலாக மாறும் அழகான ஏற்பாடு இது. 2019 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகம் இந்த மூலத்தைத் தொடவில்லை. எதிரி அடிக்கும் திசையைப் பார்த்து அதே திசையில் தடுப்பைத் திருப்ப வேண்டும் என்ற ஒன்றை வலுவாகச் சேர்த்தது. தொடக்கத்தில் அந்தத் திசையைக் காட்ட ஒரு சிறு கருவியையும் பொருத்திக்கொள்ளலாம். கண் பழகிய பின் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்தலாம். எளிய நிலை, கடின நிலை என்று பட்டியல் போட்டுக் கேட்காமலேயே, ஆடுபவர் தம் தேர்ச்சிக்கு ஏற்பக் கடினத்தைத் தாமே சரிசெய்துகொள்ள இது வழிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. கையிருப்பை மறுபடி பயன்படுத்துவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 'நியோ 2' முதல் பாகத்தின் அரக்கர்களில் பலரை அப்படியே அழைத்து வந்தபோது, பழைய முகங்களைப் பார்த்துச் சலித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களே, அந்தப் பழைய அரக்கன் புதிதாக ஓர் அடியைக் கற்றுக்கொண்டு வந்திருந்தால் அதை வரவேற்கவும் செய்தார்கள். தெரிந்தவன் என்று அசட்டையாக அணுகியவரை அந்த ஒரு புதிய அடி வீழ்த்துவது, இரண்டாம் பாகத்தால் மட்டுமே தரக்கூடிய இன்பம்.

கடினம் யாருக்காக என்ற விவாதத்தையும் தவிர்க்க முடியாது. 2009இல் 'டீமன்ஸ் சோல்ஸ்' தொடங்கிவைத்த மரபு, 2019இல் 'செக்கிரோ' வந்தபோது உச்சத்தை எட்டி, எளிய நிலை இல்லாத ஆட்டம் உடற்குறையுள்ளவர்களையும் வயதானவர்களையும் வேலை முடிந்து களைத்து வருபவர்களையும் வெளியே நிறுத்துகிறது என்ற நியாயமான கண்டனத்தைச் சந்தித்தது. வடிவமைப்பாளரின் நோக்கத்தைக் காக்க வேண்டும் என்ற எதிர்வாதத்திலும் பொருள் இல்லாமலில்லை. எனினும் பட்டன்களை மாற்றிக்கொள்ளவும், ஒலியால் மட்டும் வரும் எச்சரிக்கையை ஒளியாகவும் காட்டவும், விரைவைச் சற்றுத் தணிக்கவும் இடம் கொடுப்பதால் எந்த அசுரனின் மரியாதையும் குறைந்துவிடாது. கடினத்தைக் கௌரவச் சின்னமாக அணிந்து திரிபவர்களின் கூச்சலுக்கு இத்துறை தேவைக்கு மேல் காது கொடுத்திருக்கிறது.

'ராஜி: கலியுகா' என்னும் இரண்டாம் பாகம் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் உயரத்தில் நின்ற கேமரா இதில் கீழிறங்கி, நாயகியின் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறது. இது அலங்கார மாற்றமன்று. கேமரா நெருங்கினால் எதிரியின் தோள் தெரியும், தோள் தெரிந்தால் அதன் அசைவை வரைந்தாக வேண்டும், அசைவை வரைந்தால் அது வரப்போகும் அடியை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் தூரம் மறைத்துக்கொடுத்த குறைகள் எல்லாம் இதில் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். மேலும், பின்னால் நிற்கும் கேமராவில் முதுகுப்புறத்து எதிரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உயரக் கேமராவில் பத்து அசுரர்கள் சூழ்வது ஒரு காட்சி. பின்னால் நிற்கும் கேமராவில் மூன்று பேர் சூழ்ந்தாலே அது அநியாயமாகிவிடலாம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் தாக்கலாம் என்பதற்கு முறை வைத்து, மற்றவர்களைச் சுற்றி நடக்கவிட்டு, தாக்கப்போகிறவன் குரல் கொடுக்கும்படி செய்வது இதற்குப் பெரும் நிறுவனங்கள் கண்ட வழி. நடுத்தர நிறுவனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: கூட்டத்தைக் குறைத்து, ஒருவனை ஒருவனாக நிறுத்துவது.

அப்படி நிறுத்துவதற்கு ஏற்றவன் தேவி மாஹாத்மியத்தின் எட்டாம் அத்தியாயத்திலேயே காத்திருக்கிறான், அவனை வென்றவளின் கோயில்தான் கொல்கத்தாவின் அடையாளமும். ரத்தபீஜன் சிந்தும் ஒவ்வொரு துளிக் குருதியும் தரையில் பட்டவுடன் அவனைப் போலவே இன்னொருவனாக எழும். அடிக்க அடிக்க எதிரிகள் பெருகுவார்கள். காளி நாவை நீட்டிக் குருதி தரையைத் தொடாமல் குடித்த பிறகே அவனை முடிக்க முடிந்தது. சண்டை ஆட்டமாக இதை எண்ணிப் பார்த்தால், பட்டனை அடித்துக்கொண்டே போகிறவர் தம் கையாலேயே ஒரு படையை உண்டாக்கிக்கொண்டு அதில் மூழ்குவார். தப்ப விரும்புபவர் எப்போது அடிக்கக் கூடாது என்பதை முதலில் கற்க வேண்டும், துளி விழப்போகும் இடத்தைக் கவனிக்க வேண்டும், குருதியை ஏந்த இரண்டாமவரையோ இரண்டாவது ஆயுதத்தையோ சரியான ஃபிரேமில் அழைக்க வேண்டும். செலவைப் பார்க்கும் தயாரிப்பாளருக்கும் இவன் உகந்தவன்: எழுகிறவர்கள் எல்லாரும் அவனேயாகையால், வரைய வேண்டியது ஒரே ஓர் உருவம்தான்.